புகைக்கு வழி விடுங்கய்யா!

முதலில் ஒரு முகவரி விளக்கம். திருவண்ணாமலை என்று எழுதினாலே கிரிவலம், தீபம் என்று கிளம்பிவிடுகிறீர்கள். நான் சொல்லும் திருவண்ணாமலை விருதுநகர் மாவட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலைமேல் சீனிவாசப் பெருமாள் கோயில். புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையம் பக்கமிருந்தும் சிவகாசி பக்கமிருந்தும் கூட்டம் நெரியும். 'தென்திருப்பதி' என்றும் சொல்வார்கள். கட்டடப் பொறியியல் படிக்கும் பயல் ஒருவன், இந்தப் பக்கம் எழும்பும் புது வீடுகளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து எழுதும் பதிவு இது. விஷயம், விறகடுப்பும் புகைபோக்கியும்.

"இந்தக் காலத்துல விறகடுப்பா? தம்பி, வேற வேலையைப் பாரு" என்று ஜன்னலை மூடப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவும். உங்களோடுதான் சண்டையே.

அடுப்பு எங்கேயும் போகவில்லை

எங்கள் பக்கம் எந்தப் புது வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். முன்பக்கம் கிரானைட். சமையலறையில் கேஸ் அடுப்பு, அதற்கு மேலே பளபளவென்று ஒரு மின்சார 'சிம்னி'. எல்லாம் சரி. அப்படியே புறவாசல் கதவைத் திறந்து பாருங்கள். சன்ஷேடுக்குக் கீழேயோ, சிமெண்ட் ஷீட் போட்டுச் சாய்ப்பு இறக்கிய மூலையிலோ, மூன்று கல்லோ ஒரு மண் அடுப்போ இருக்கும். பக்கத்தில் சீமைக்கருவேல விறகு. குளிக்க வெந்நீர் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கறி அங்கேதான். தீபாவளிப் பலகாரம், நாலு பேர் வந்தால் பெரிய பானைச் சோறு, எல்லாம் அங்கேதான். சிலிண்டர் தீர்ந்த வாரத்தில் முழுச் சமையலும் அங்கேதான்.

2019-21ஆம் ஆண்டு தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 58.6 சதவீத வீடுகள் சுத்தமான எரிபொருளில் சமைக்கின்றன. தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு வீடுகளுக்கும் மேல். மகிழ்ச்சி. 2007இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்ததும், 2016இல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டுவந்ததும் வீண் போகவில்லை. ஆனால் அந்த சதவீதம், வீட்டில் முக்கியமாக எதை எரிக்கிறீர்கள் என்ற கேள்விக்கான பதில். புறவாசலில் இரண்டாவதாக எரியும் அடுப்பு அந்த எண்ணில் தெரியாது. 2023 மார்ச்சில் சிலிண்டர் விலை சென்னையில் 1,100 ரூபாயைத் தாண்டியதே, நினைவிருக்கிறதா? விலை ஏறும்போதெல்லாம் இந்த இரண்டாவது அடுப்பு முதல் அடுப்பாகிவிடும். வீட்டுக் கணக்குப் பார்க்கும் எல்லா அம்மாக்களுக்கும் இது தெரியும்.

இன்னொரு அடுப்பும் இருக்கிறது. பால்கோவா அடுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது. அகலமான வாணலியில் பாலை ஊற்றி, அடியில் பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய பண்டம் அது. விறகு நெருப்பில் கிண்டினதுதான் அசல் என்று வாங்குகிறவர்கள் விசாரித்து வாங்குகிறார்கள். கிண்டுகிறவர் அந்த நெருப்புக்கும் புகைக்கும் முன்னால் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்று விசாரித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆக, அடுப்பு போகவில்லை. நம் வீட்டுப் பிளானிலிருந்து மட்டும் போய்விட்டது. பிளானில் இல்லாத அடுப்புக்குப் புகைபோக்கி எப்படி வரும்?

இருந்த வழியையும் அடைத்தோம்

பழைய நாட்டு ஓட்டு வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அடுப்படிக்கு மேலே கூரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, பக்கவாட்டில் திறப்பு விட்டிருப்பார்கள். புகைக்கூண்டு. அதுவும் இல்லாத வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகவாவது புகை கசிந்து போகும். பிரமாதமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். அந்த அடுப்படிச் சுவர்களின் கறுப்பும் ஆச்சிமார்களின் இருமலும் சாட்சி. ஆனாலும் புகைக்கு ஒரு வழி வேண்டும் என்ற நினைப்பாவது கட்டினவருக்கு இருந்தது.

பிறகு கான்கிரீட் தளம் வந்தது. தட்டையானது, இடுக்கில்லாதது. ஓட்டை எடுத்தோம், கூண்டை எடுத்தோம், அடுப்பை மட்டும் எடுக்கவில்லை. அதே அடுப்பு, அதே விறகு, மேலே மூடி போட்ட மாதிரி ஒரு தளம். கேட்டால் "ஜன்னல் இருக்குல்ல" என்பார் கொத்தனார். சூடான புகை முதலில் மேலே போகும், பிறகு தளத்தில் முட்டிப் பரவி, ஆறி, கீழே இறங்கும். ஜன்னல் எங்கே இருக்கிறது? இடுப்பு உயரத்தில் தொடங்கித் தலைக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே தளம் வரைக்கும் உள்ள இடம் புகையின் வீடு. அது நிரம்பி வழிந்து, சமைக்கிறவர் முகத்தைக் கடந்துதான் ஜன்னலுக்கே வரும்.

"கேஸ் வந்தாச்சே" என்பவர்களுக்கு

கேஸ் நல்லது. இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளும் சேர்ந்து, 3,200 கர்ப்பிணிப் பெண்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. விறகு போன்றவற்றில் சமைத்த பெண்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம். கேஸ் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு 24. மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? முடிந்தவர்கள் கேஸிலேயே சமையுங்கள்.

என் கேள்வி வேறு. கேஸ் இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி, எரிந்துகொண்டிருக்கும் விறகடுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதற்காக மெயின் லைனுக்கு எர்த் போடாமல் விடுவீர்களா? உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், வீட்டுக்குள் எரியும் அடுப்பு, விளக்குப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அந்த 32 லட்சம் பேருக்கு "கேஸ் வந்தாச்சே" என்பது பதில் இல்லை.

ருசி கோஷ்டிக்கு

"விறகடுப்புச் சாப்பாட்டு ருசியே தனி" என்று நெடுஞ்சாலை ஹோட்டல் போர்டைப் படம் பிடித்துப் போடுகிற நண்பர்களே, ருசி இருக்கட்டும், மறுக்கவில்லை. பானைக்குள் இருக்கும் குழம்புக்கு வேண்டியது நெருப்பு. சமைக்கிறவர் நுரையீரலுக்குப் போகும் புகையால் குழம்புக்கு ஒரு சொட்டு ருசியும் கூடுவதில்லை. புகைபோக்கி வைத்த விறகடுப்பிலும் அதே குழம்புதான் வரும். உங்கள் மண்வாசனை ஏக்கத்துக்கு வேறொருவர் இருமிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

"புகை நல்லதுப்பா, கொசு வராது, ஓலையில பூச்சி அரிக்காது" என்று சொல்லும் பெரியவர்களுக்கும் மரியாதையோடு ஒரு வார்த்தை. கொசுவை விரட்ட வலை இருக்கிறது. ஓலையைப் பற்றித்தான் அடுத்துச் சொல்ல வருகிறேன்.

கும்பகோணம்

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் பற்றியது. 94 குழந்தைகள். இதை வாதத்துக்காக எடுத்து வீசக் கை வரவில்லை, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அந்தத் துயரத்துக்குப் பல காரணங்கள். நெருக்கடியான கட்டடம், குறுகலான படி, கண்டுகொள்ளாத நிர்வாகம். அத்தனைக்கும் தொடக்கம் ஓர் அடுப்புக்கும் ஒரு கூரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை எடுத்தார்கள். எடுக்க வேண்டியதுதான். ஆனால் அடுப்புக்கும் எரியக்கூடிய பொருளுக்கும் எத்தனை அடி விட வேண்டும் என்ற பாடம் நம் வீட்டுப் புறவாசலுக்கு வந்து சேர்ந்ததா? சாய்ப்புக்கு அடியில் அடுப்பு, அதற்கு மேலே பரணில் காய்ந்த தென்னை மட்டை, பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன். பக்கத்துச் சிவகாசியில் ஒரு பொறி என்றால் பதறுகிற மாவட்டம் நம்முடையது. அந்தப் பதற்றத்தில் கால் பங்காவது நம் வீட்டு அடுப்புக்கு வேண்டாமா?

குழாய் வேறு, புகைபோக்கி வேறு

"சரிப்பா, புகைபோக்கி வச்சிட்டாப் போச்சு" என்று ஒரு குழாயைச் செருகுகிற ஆட்கள் இன்னும் மோசம். அரைகுறையான புகைபோக்கி, இருக்கிறது என்ற தைரியத்தைக் கொடுத்துவிட்டு வேலை செய்யாமல் இருக்கும். ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

புகைபோக்கிக்குள் மோட்டார் கிடையாது. உள்ளே இருக்கும் சூடான காற்று லேசானது, வெளியே இருக்கும் காற்று கனமானது. அந்த வித்தியாசம்தான் புகையை இழுக்கிறது. வெளியே 30 டிகிரி, குழாய்க்குள் சராசரி 150 டிகிரி, குழாய் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கிடைக்கும் இழுவை சுமார் 10 பாஸ்கல். அதாவது ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம். அவ்வளவுதான்! அமெரிக்கா, ஐரோப்பா மாதிரி வெளியே பனி கொட்டினால் இழுவை கூடும். சித்திரை வெயிலில் நமக்கு அதுவும் குறையும். இந்த ஒரு மில்லிமீட்டரை வீணாக்காமல் காப்பதுதான் புகைபோக்கி கட்டும் வித்தையே. கீழே வரும் விதிகளில் பாதி அதற்காக, மீதி தீ பிடிக்காமல் இருப்பதற்காக.

உயரம். அடுப்பு மட்டத்திலிருந்து 10, 12 அடியாவது நேராக மேலே போக வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையக் கூடாது. சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் மாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்துக் கூரை எது இருந்தாலும் அதைவிட 2 அடி உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று சுவரில் மோதிச் சுழன்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். சுவரில் ஓட்டை போட்டு ஒரு முழம் குழாயை வெளியே நீட்டுவதெல்லாம் புகைபோக்கி அல்ல, பக்கத்து வீட்டுக்காரரோடு வம்பு.

அகலம். அடுப்பின் புகைவாய் என்ன அளவோ, மேலே முடிகிற வரைக்கும் எங்கேயும் அதைவிடக் குறுகக் கூடாது. வீட்டு அடுப்புக்கு 4 அங்குலம் குறைந்தபட்சம். அதற்காக ரொம்பப் பெரிதாகவும் வைக்காதீர்கள். புகை உள்ளேயே ஆறிப்போய்ச் சோம்பி நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் பழைய பங்களாக்களில் சுவருக்குள் பெரிய கணப்படுப்பு பார்த்திருப்பீர்கள். குளிர் நாடுகளில் அந்த மாதிரிக் கணப்புக்குள் கதவுவைத்த இரும்புப் பெட்டி அடுப்பைச் செருகி வைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் அந்தப் பெட்டியின் வாய் அளவுக்கே ஒரு எஃகுக் குழாயைப் பழைய கூண்டுக்குள் உச்சி வரை விட்டு, பெட்டியோடு இறுக்கிப் பொருத்துவார்கள். பெட்டியை மட்டும் தள்ளிவிட்டு, புகை தானே பழைய கூண்டில் போய்க்கொள்ளும் என்று விட்டால், அகலமான கூண்டில் புகை ஆறித் தார் மாதிரி ஒட்டும். பிறகு ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். அங்கே ஆகாத வேலை இங்கேயும் ஆகாது.

வளைவு. நேராகப் போனால் உத்தமம். வளைக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டுக்கு மேல் வேண்டாம். செங்குத்தாக மடக்காமல் 45 டிகிரியில் திருப்புங்கள். கிடைமட்டமாகப் போகிற துண்டு இருந்தால் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏற வேண்டும்.

பொருள். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பி.வி.சி. குழாயைப் புகைபோக்கியாக வைத்த வீட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 80 டிகிரிக்கே இளகும் பொருள் அது. எரிந்தால் அமில வாயு வரும். தண்ணீர் லைனுக்கு வாங்கினதில் மிச்சம் என்பதற்காக இதையா வைப்பது? அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய். பல காலமாக இதைத்தான் வைத்தார்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது இன்று முடிந்துபோன விவாதம். அறுக்கும்போதும் உடையும்போதும் நார் பறக்கும். அதிகச் சூட்டில் வெடித்துத் தெறிக்கவும் செய்யும். துத்தநாகம் பூசிய மெல்லிய தகரமும் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கனமான இரும்புத் தகட்டுக் குழாய், துருப்பிடிக்காத எஃகு, சுட்ட மண் குழாய், அல்லது நேராகக் கட்டிய செங்கல் கூண்டு. இதில் எது கைக்கு எட்டுகிறதோ அது. அடுப்பையும் கூண்டின் அடிப்பகுதியையும் வெறும் சிமெண்ட் கலவையில் கட்டினால் சூட்டில் விரிசல் விடும். களிமண்ணும் மணலும் கலந்து கட்டுங்கள். நம் ஆட்களுக்கு இது தெரிந்த வேலைதான், மறந்துவிட்டார்கள்.

தூரம். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரம், ஓலை, துணி, பிளைவுட் போல எரியக்கூடிய எதற்கும் நடுவில் ஒன்றரை அடி. கான்கிரீட் தளத்தைத் துளைத்தால் குழாயைவிடப் பெரிய உறை ஒன்றைப் பதித்து, நடுவில் எரியாத கம்பளி அடைத்து, மேலே மழைத்தண்ணீர் இறங்காமல் தகடு போட வேண்டும். குழாயை நேராகக் கான்கிரீட்டில் வைத்துப் பூசினால் தளம் வெடிக்கும். கீற்றுக் கூரையைத் துளைத்துக் குழாய் விடவே கூடாது. பேச்சே இல்லை.

இணைப்பு. குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும்போது மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் உள்ளே ஊறும் தார் கசிவு அடுப்புக்குத் திரும்பும். தலைகீழாக மாட்டினால் சுவரெல்லாம் கறுப்புக் கோடு வழியும். அடியில் கரியைத் தட்டி எடுக்க மூடி போட்ட ஒரு வாய், உச்சியில் மழைக்கும் காக்கைக் கூட்டுக்கும் ஒரு தொப்பி. இரண்டும் கட்டாயம்.

காற்று. புகை வெளியே போனால் அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். அடைத்த சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டுவிட்டு, "சிம்னி இழுக்கலை" என்று கொத்தனாரைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஃபேனின் பலத்துக்கு முன்னால் நம் ஒரு மில்லிமீட்டர் எம்மாத்திரம்? அது புகைபோக்கி வழியாகவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், புகையும் சேர்ந்து வரும். விறகு எரியும்போது ஃபேன் வேண்டாம், கீழே ஒரு காற்றுத் திறப்பு வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி, எரியும் ஊதுபத்தியை அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே போனால் சரி, முகத்துக்கு வந்தால் வேலை பாக்கி இருக்கிறது.

கங்கு. சுவாலை அடங்கிக் கங்காகக் கனலும் நேரம்தான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இருமல்கூட வராது, தூக்கம்தான் வரும். மலை ஊர் விடுதிகளில் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வருகிறது. கங்கு இருக்கும் வரைக்கும் புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை முழுவதும் மூடாதீர்கள்.

விறகு. சீமைக்கருவேலம் நல்ல விறகுதான், நின்று எரியும். ஆனால் நேற்று வெட்டியதை இன்று அடுப்பில் வைத்தால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சம் புகையும் தாரும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி ஆறு மாதமாவது உலர வையுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று சத்தம் வந்தால் காய்ந்தது, 'தொப்' என்றால் காயாதது. இன்னொன்று. எங்கள் மலையடிவாரத்துக்கு மேலே இருக்கும் காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே விறகு பொறுக்கும் காலம் முடிந்துவிட்டது. குறைந்த விறகில் அதிகச் சூடு என்பது இப்போது காட்டுக்கும் சேர்த்துச் செய்கிற உபகாரம்.

துப்புரவு. தினம் எரியும் அடுப்பென்றால் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். உட்சுவரில் கரி 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறிவிட்டால் சுரண்டியே ஆக வேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க நேரம் இருக்கிறவர்களுக்கு இதற்கும் நேரம் இருக்கும்.

எண்ணிக்கை வியாதி

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. வார்தாவிலிருந்து 'மகன் அடுப்பு' என்று ஒரு புகையில்லா அடுப்பு வந்தது. (மகன் என்றால் பிள்ளை அல்ல, மகன்லால் காந்தியின் பெயர்.) அங்கே கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்து எழுதிய புத்தகம் 1953இல் நம் சென்னையில்தான் அச்சானது. எழுபது வருஷத்துக்கு மேலாகிறது!

பிறகு 1980களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. 2002இல் கைவிடும்போது 3 கோடிக்கும் மேல் அடுப்பு வைத்ததாகக் கணக்கு. எங்கே அந்த 3 கோடி? வைத்ததை எண்ணினார்கள், எரிந்ததை எண்ணவில்லை. மானியம் வைப்பதற்கு, பராமரிப்புக்கு ஒன்றுமில்லை. பாத்திரம் சரியாக உட்காராத அடுப்பு, கரி அடைத்த குழாய், வந்து பார்க்க ஆளில்லை. ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் சொன்னதும் இதேதான். புகைபோக்கி வைத்த மண் அடுப்பு கொடுத்தார்கள், முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு பழுதானது, சரிசெய்யவில்லை, பழைய அடுப்புக்கே போனார்கள், பலன் மறைந்தது. ஆய்வு செய்தவர்களில் ஒருவர் எஸ்தர் டஃப்லோ, 2019இல் பொருளாதார நோபல் வாங்கியவர்.

"பார்த்தியா, புகைபோக்கி வேஸ்ட்டு" என்று இதைக் காட்டித் துள்ளுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் சுவான்வெய் என்ற ஊர். வீட்டுக்குள் நிலக்கரி எரித்து நுரையீரல் புற்றுநோய்க்குப் பேர்போன இடம். அங்கே புகைபோக்கி இல்லாத அடுப்பிலிருந்து புகைபோக்கி உள்ள அடுப்புக்கு மாறியவர்களை மாறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். 21,000க்கும் மேற்பட்ட விவசாயிகளின் கணக்கு, 2002இல் வெளியானது. ஆண்களில் நுரையீரல் புற்றுநோய் 41 சதவீதம் குறைவு, பெண்களில் 46 சதவீதம் குறைவு. அது நிலக்கரி, நம்முடையது விறகு, ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் வேலை செய்கிற புகைபோக்கிக்கும் வேலை செய்யாத புகைபோக்கிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று உயிரைக் காக்கிறது, மற்றது மானியக் கணக்கைக் காக்கிறது.

கையெழுத்துப் போடப்போகிறவர்களுக்கு

வகுப்புத் தோழர்களே, இது உங்களுக்கு. இன்னும் கொஞ்ச நாளில் நாம் வீட்டுப் பிளானில் கையெழுத்துப் போடுவோம். வாஸ்து பார்த்து அக்னி மூலையில் சமையலறை வைப்போம். அந்த அக்னிக்குப் புகை உண்டு என்பது மட்டும் மறந்துபோகும். நான்கு வருஷத்தில் கழிவுநீர்க் குழாய்க்கு எத்தனை சரிவு, செப்டிக் டேங்குக்கு எத்தனை அறை என்று மனப்பாடம் செய்கிறோம். கழிவுப் புகைக்கு ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் ஊரகப் பிரிவில், வீட்டின் குறைந்தபட்ச அளவான 25 சதுர மீட்டருக்குள் சுகாதாரமான சமையலுக்கான இடமும் அடங்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த வரியை நீங்கள் படிக்கும்போது 'புகைபோக்கி' என்று படியுங்கள்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "புறவாசல்ல விறகடுப்பு வைப்பீங்களா?" கேட்கும்போது வீட்டு அம்மா பக்கத்தில் இருக்கட்டும், ஐயா மட்டும் இருந்தால் சரியான பதில் வராது. வைப்போம் என்றால் அதைப் பிளானில் வரையுங்கள். குழாயைவிடப் பெரிதாக ஓர் உறை, தளம் போடும் முன்னாலேயே. பிறகு உடைப்பதைவிட இது மலிவு. பால்கோவா கொட்டகை கட்டுகிறவர்களும் இதையே செய்யட்டும். புவிசார் குறியீடு வாங்கிய ஊர், கிண்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு நல்ல புகைக்கூண்டு கட்ட முடியாத ஊரா என்ன?

நான் சொன்ன அளவுகளில் தவறு கண்டால் பின்னூட்டத்தில் வாருங்கள், கணக்குப் போட்டுப் பேசுவோம். "எங்க ஆச்சி புகையிலேயே தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாங்க" என்று மட்டும் வராதீர்கள். இருந்திருப்பார்கள். இருமாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் என் வாதம்.